வங்கி மறுத்த பணத்தை ஒம்புட்ஸ்மன் வாங்கித் தந்த விதம்

லண்டனில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. கடைக்காரர்கள் கொண்டு வரும் பைல்களுக்குள் பில்லுகளோடு வங்கிக் கடிதங்களும் கிடக்கும். "இதையும் ஒருக்காப் பாருங்கோ அக்கா" என்பார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்து வங்கி, காப்புறுதி, வரி என்று பல இடங்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு பென்ஸ்கூட வாங்காமல், முழுமையாக வேலை செய்து தந்த ஓர் இடத்தைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். அது நிதிச் சேவை ஒம்புட்ஸ்மன். ஆங்கிலத்தில் ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மன் சர்வீஸ் என்று தேடினால் கிடைக்கும். வங்கியோ காப்புறுதிக் கம்பனியோ எங்கள் முறைப்பாட்டைத் தள்ளிவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற அமைப்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் உண்டாக்கப்பட்டது.

நாங்கள் போனது என் பெரியண்ணையின் கிரெடிட் கார்டில் இருந்த பிபிஐ பணத்துக்காக.

பிபிஐ என்றால் கடன் தவணைக்கான காப்புறுதி. வருத்தம் வந்தாலோ, விபத்தில் அடிபட்டாலோ, வேலை போனாலோ, உங்கள் மாதத் தவணையைக் காப்புறுதிக் கம்பனி கொஞ்சக் காலத்துக்குக் கட்டும். சொல்லிக் கேட்கும்போது நல்ல விஷயம்தான். வீட்டுக் கடன், கார்க் கடன், கிரெடிட் கார்ட் என்று எல்லாவற்றோடும் சேர்த்து விற்றார்கள். பிரித்தானியாவில் விற்ற பொலிசிகள் ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் என்று நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏ கணக்குச் சொல்கிறது. இந்த நாட்டின் மொத்தச் சனத்தொகைக்குக் கிட்ட வருகிற எண்ணிக்கை அது.

கடனோடு விற்ற பிபிஐயைவிட கார்டில் விற்ற பிபிஐ கண்ணில் படாது. தனிக் கடனில் முழுத் தொகையையும் முதலிலேயே கடனோடு சேர்த்துவிடுவார்கள். ஒப்பந்தத்தில் பெரிய எண்ணாகத் தெரியும். கார்டில் அப்படியில்லை. மாதாமாதம், நிலுவையில் ஒவ்வொரு 100 பவுணுக்கும் இத்தனை பென்ஸ் என்று எடுப்பார்கள். 79 பென்ஸ் என்பது அந்தக் காலத்தில் சாதாரண விகிதம். கேட்டால் ஒரு பவுண்கூட இல்லையே என்றுதான் தோன்றும். ஸ்டேட்மென்டில் பிபிஐ என்றும் இருக்காது. பேமென்ட் கவர், அக்கவுன்ட் கவர் என்று ஏதாவது இருக்கும்.

அண்ணையின் பழைய ஸ்டேட்மென்ட் ஒன்றை எடுத்து வைத்துப் பார்ப்போம். அண்ணி எந்தக் கடிதத்தையும் எறியாதவ. பிஸ்கட் டின்னுக்குள் ஆண்டு வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தா. அந்த மாதம் நிலுவை 2,400 பவுண். புதிதாக எதுவும் வாங்கவில்லை. அண்ணை கட்டியது 60 பவுண். கார்ட் வட்டி 36 பவுண் 24 பென்ஸ். அதற்குக் கீழே பேமென்ட் கவர் என்று ஒரு வரி, 18 பவுண் 96 பென்ஸ். இரண்டையும் கழித்தால், கட்டிய 60 பவுணில் கடன் குறைந்தது வெறும் 4 பவுண் 80 பென்ஸ். அடுத்த மாதம் அந்த 18.96க்கும் சேர்த்துத்தான் வட்டி. இரவு முழுக்க மினிகாப் ஓட்டிவிட்டு வந்து, கடன் குறைகிறது என்ற நம்பிக்கையில் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருந்த மனிதன். அந்தத் தாளை மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அந்தக் காப்புறுதி அவருக்குப் பயன்பட்டிருக்குமா என்றால், அதுதான் விஷயமே. அண்ணை சுயதொழில். மினிகாப் கம்பனியில் ஓடினாலும் அவர் அவர்களின் ஊழியர் இல்லை. பிபிஐயில் வேலையிழப்புக்கான பகுதி மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுயதொழில்காரர் அதில் பணம் கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தொழிலையே முழுதாக மூடிக் கணக்கு முடித்திருக்க வேண்டும். ஓட்டம் குறைந்துவிட்டது, வருமானம் பாதியாகிவிட்டது என்றெல்லாம் கேட்க முடியாது. வருத்தத்துக்கான பகுதியிலும் முன்பே இருந்த நோய்கள் சேராது. முதுகு நோ, மன அழுத்தம் இரண்டுக்கும் பல பொலிசிகளில் கடுமையான நிபந்தனைகள் இருந்தன. நாள் முழுக்கச் சீட்டில் இருந்து ஓட்டுகிறவருக்கு வருகிற முதல் வருத்தமே முதுகுதான்.

2005இல் கார்ட் எடுத்தபோது அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. "உடம்பு ஏலாமல் போனால் காசு கட்டத் தேவையில்லை, எல்லாம் நாங்கள் பார்ப்பம் எண்டுதான் சொன்னவங்கள் தங்கச்சி. என்ன வேலை எண்டு கேட்டவங்கள், டிரைவர் எண்டு சொன்னன். அதுக்கு மேல ஒண்டும் கேக்கேல்லை." இதை அண்ணை சொன்னபோது நான் அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு முறைப்பாடு முழுக்க இந்தச் சில வசனங்களின் மேல்தான் நின்றது. டிரைவர் என்ற பிறகு, சம்பளத்துக்கா சொந்தமாகவா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். 2005 ஜனவரியில் காப்புறுதி விற்பனையே அரச ஒழுங்குமுறைக்குள் வந்துவிட்டது. ஆலோசனை சொல்லி விற்றால், அது வாங்குகிறவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பதும், ஆலோசனை சொல்லாமல் விற்றாலும் முக்கியமான கட்டுப்பாடுகளைத் தெளிவாகச் சொல்வதும் விற்கிறவரின் கடமை.

முதலில் வங்கிக்குத்தான் எழுத வேண்டும், அது விதி. இறுதிப் பதில் தர வங்கிக்கு 8 வாரம் இருக்கிறது. மார்ட்டின் லூயிஸின் மணி சேவிங் எக்ஸ்பேர்ட் தளத்திலும், 'விச்?' நுகர்வோர் அமைப்பிடமும் மாதிரிக் கடிதங்கள் இலவசமாகக் கிடைத்தன. அவற்றின் அமைப்பை எடுத்துக்கொண்டு, உள்ளே அண்ணையின் கதையை நாங்களே எழுதினோம். 2016இல் அனுப்பினோம். அந்த வங்கியின் பெயரை இங்கே போடவில்லை. பல பெரிய வங்கிகள் இதையே செய்தன. பதில் வந்தது: விண்ணப்பத்தில் காப்புறுதிக்கான இடத்தில் சம்மதம் பதிவாகியிருக்கிறது, நிபந்தனைகள் தபாலில் அனுப்பப்பட்டன, ஆகவே முறைப்பாட்டை ஏற்க முடியாது. மரியாதையான, நீளமான கடிதம். சுயதொழில் என்று நாங்கள் எழுதியதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

எங்கள் ஆட்களில் பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வங்கியே இல்லை என்று எழுதிவிட்டது, இனி என்ன என்று. அதே கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், 6 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்ற வசனம் இருக்கும். அதைப் போட வேண்டியது வங்கியின் கட்டாயம். அந்தப் பக்கம் வரைக்கும் வாசித்தால் போதும்.

வங்கியின் "இல்லை"க்குப் பயப்படத் தேவையில்லை என்பதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2005 செப்டெம்பரில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இந்தக் காப்புறுதியைப் பற்றி அதிகாரபூர்வமாகப் பெரிய முறைப்பாடு ஒன்றைக் கொடுத்தது. அது போட்டி ஆணையம் வரை போய், 2009 ஜனவரியில் வந்த அறிக்கை கடன் கொடுக்கிற அதே நேரத்தில் பிபிஐ விற்கக்கூடாது என்றது. 2010 ஆகஸ்டில், பழைய விற்பனைகளையும் எப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அன்றைய ஒழுங்குமுறை அமைப்பான எஃப்எஸ்ஏ விதி போட்டது. வங்கிகளின் சங்கம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2011 ஏப்ரலில் நீதிமன்றம் வங்கிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மே மாதம் லொயிட்ஸ் முதலாவதாக இறங்கி வந்து 320 கோடி பவுண் ஒதுக்கியது. சில நாட்களில் சங்கமும் மேல்முறையீடு இல்லை என்று விட்டுவிட்டது. அங்கே இருந்து தொடங்கிய நட்டஈடு, கடைசியில் 3,800 கோடி பவுணைத் தாண்டிப் போனது. இந்த நாட்டு நுகர்வோர் வரலாற்றில் இவ்வளவு பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது வேறெதற்கும் இல்லை. ஒம்புட்ஸ்மனிடம் போன பிபிஐ முறைப்பாடுகளில் ஆரம்ப வருடங்களில் பாதிக்கும் மேல் வாடிக்கையாளர் பக்கமே முடிந்தன. வங்கிகள் ஏற்கனவே "இல்லை" என்று எழுதிக் கொடுத்த முறைப்பாடுகள்தான் அவ்வளவும்.

சரி, ஒம்புட்ஸ்மனின் சேவைக்கு வருவோம்.

முதலில் அவர்களின் படிவம். பிபிஐக்கென்றே தனிக் கேள்விப் படிவம் வைத்திருந்தார்கள். அதை நிரப்பினபோதே எனக்கு அந்த அமைப்பின் மேல் மதிப்பு வந்துவிட்டது. விற்றது நேரிலா, ஃபோனிலா, தபாலிலா? எடுங்கள் என்று யாராவது ஆலோசனை சொன்னார்களா, விபரம் மட்டும் தந்தார்களா? அன்றைக்கு என்ன வேலை, சம்பளமா சுயதொழிலா? வருத்தத்தில் வேலைக்குப் போகாமல் விட்டால் எத்தனை மாதத்துக்குக் காசு வந்திருக்கும்? கையில் சேமிப்பு இருந்ததா? அன்றைக்கே ஏதாவது நோய் இருந்ததா? கடைசி நாலும் விற்றவர் அன்றைக்கு அண்ணையிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். நானும் அண்ணையும் அண்ணியும் ஈஸ்ட் ஹாமில் அவர்களின் சாப்பாட்டு மேசையில் இருந்து நிரப்பினோம். "வருத்தம் வந்தால் யார் காசு தருவினம்?" என்ற கேள்விக்கு அண்ணை, "ஒருத்தரும் இல்லை" என்றார். அதையே எழுதினோம். நீட்டி முழக்கிச் சட்டச் சொற்கள் போட்டு எழுதத் தேவையில்லை. நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்று எழுதலாம். அதற்காக யாரும் குறைவாக மதிப்பதில்லை.

அண்ணைக்காக நான் பேசுவதற்கு அவர் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போதுமாக இருந்தது. குடும்பத்தில் ஒருவர், நண்பர், யாரும் இப்படிப் பேசலாம். ஆங்கிலம் கஷ்டமானவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரையும் அவர்களே ஒழுங்கு செய்வார்கள், அதுவும் இலவசம். வங்கிதான் ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுகிறது. தோற்றாலும் எங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஏழைப்பட்ட ஆளும் பெரிய வங்கியும் வழக்கறிஞர் செலவில்லாமல் ஒரே மேசையில் நிற்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது?

அண்ணையின் முறைப்பாட்டை எடுத்த விசாரணையாளர் ஒருநாள் ஃபோன் பண்ணினார். அவர் கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். அண்ணையை அவசரப்படுத்தவில்லை. "அந்த நேரம் உங்கள் ஒரு வாரம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அண்ணை தன் உடைந்த ஆங்கிலத்தில், கம்பனிக்கு வாரம் ரேடியோ வாடகை கட்டியது, பெற்றோல் தன் காசு, கார் காப்புறுதி தன் காசு, ஓடாத நாள் வருமானம் இல்லை என்று எல்லாம் சொன்னார். நான் இடையில் ஒன்றிரண்டு சொல் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆதாரமாக அந்த ஆண்டு வரிக் கணக்கும், பிசிஓ லைசன்ஸின் பிரதியும் அனுப்பச் சொன்னார். லண்டனில் மினிகாப் டிரைவர்களுக்கு லைசன்ஸ் கட்டாயமான ஆரம்பக் காலம் அது. அந்த முதல் லைசன்ஸும் அண்ணியின் டின்னுக்குள்ளேயே இருந்தது.

அப்புறம் வந்த கடிதம்தான் நான் இதை எழுதுவதற்கே காரணம். விசாரணையாளர் தன் கருத்தை இரண்டு பக்கத்தில், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வங்கி சொல்வதையும் நேர்மையாகவே முதலில் வைத்தார். விற்பனை ஃபோனில் நடந்தது என்பதில் இரு பக்கமும் உடன்படுகிறது. அந்த அழைப்பின் ஒலிப்பதிவு வங்கியிடம் இல்லை. அப்படியானால் எது நடந்திருக்கக்கூடிய சாத்தியம் கூட என்று பார்க்க வேண்டும். காப்புறுதி கட்டாயம் என்று வங்கி சொன்னதாக நாங்கள் எழுதியதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை என்று எங்களுக்கு எதிராகவும் ஒரு வசனம் இருந்தது. ஆனால் சுயதொழில்காரருக்கு அந்தப் பொலிசியில் இருந்த கட்டுப்பாடுகளை வங்கி தெளிவாகச் சொன்னதாகக் காட்ட முடியவில்லை. சொல்லியிருந்தால் இவர் இதை எடுத்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஆகவே முறைப்பாட்டை ஏற்கிறேன் என்று முடித்திருந்தார். இவ்வளவுதான்.

அண்ணைக்கு நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். காசு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "நான் சொன்னதை நம்பியிருக்கினம், என்ன?" என்றார்.

வங்கி அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டது. ஏற்காவிட்டால் விசாரணையாளருக்கு மேலே, அதே அமைப்பில் ஒம்புட்ஸ்மன் என்ற பதவியில் இருக்கிற ஒருவர் முழுக் கோவையையும் புதிதாகப் பார்த்து இறுதித் தீர்ப்பு எழுதுவார். அதை நாங்கள் ஏற்றால் வங்கி கட்டுப்பட்டே ஆக வேண்டும். எங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஏற்காமல் நீதிமன்றம் போக வழி திறந்தே இருக்கிறது. அதுவும் வாடிக்கையாளருக்குச் சாதகமான ஏற்பாடு.

கணக்குப் போட்ட விதமும் முக்கியம். கார்டில் கட்டிய காப்புறுதிப் பணத்தை மட்டும் கூட்டித் தந்துவிட்டால் போதாது. காப்புறுதியே இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கார்ட் கணக்கு மாதாமாதம் எப்படிப் போயிருக்கும் என்று தொடக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டும் என்பது ஒம்புட்ஸ்மனின் வழிமுறை. காப்புறுதிக்கு மேல் ஏறிய வட்டி, காப்புறுதியால் வரம்பு தாண்டி வந்த அபராதம், எல்லாம் திரும்ப வரும். அப்படித் திரும்ப எழுதிய கணக்கில் வங்கிதான் எங்களுக்குக் கடன் என்று வருகிற காலத்துக்கு, வருடம் 8 வீதம் எளிய வட்டியும் உண்டு. அண்ணைக்கு வந்தது இப்படி: காப்புறுதி 846 பவுண், அதன் மேல் ஏறிய கார்ட் வட்டி 371, வரம்பு தாண்டிய அபராதம் 12. மொத்தம் 1,229. கார்டை அவர் 2010இல் கட்டி முடித்து மூடியிருந்தார். அதற்குப் பிந்திய வருடங்களுக்கு 8 வீத வட்டி 787. அந்த 787இல் இருந்து 20 வீதம், 157 பவுண், வருமான வரியாகக் கழித்துக்கொண்டு, 1,859 பவுண் கையில் வந்தது.

அந்த 157ஐயும் விடாதீர்கள். 2016 ஏப்ரலில் இருந்து, அடிப்படை வீதத்தில் வரி கட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு 1,000 பவுண் வட்டி வரை வரி இல்லை. வங்கி கழித்தது கழித்ததுதான். ஆனால் வருடாந்த வரிக் கணக்குக் கொடுக்காதவர்கள் ஆர்40 என்ற படிவத்தை வரித் திணைக்களத்துக்கு அனுப்பினால் திரும்பத் தருவார்கள்; அண்ணையைப் போலச் சுயதொழில்காரர் தங்கள் வரிக் கணக்கிலேயே கேட்க வேண்டும். வரி ஆண்டு முடிந்து 4 வருடத்துக்குள் கேட்க வேண்டும். பிபிஐக்கு மட்டுமல்ல, எந்த நட்டஈட்டு வட்டியில் வரி கழித்திருந்தாலும் இதுதான் வழி. வட்டி எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிற தாளை வங்கி அனுப்பும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இனி கிளெய்ம் கம்பனிகள். "நாங்கள் வென்றால் மட்டும் கட்டணம்" என்று ஃபோனிலும் குறுஞ்செய்தியிலும் வந்துகொண்டே இருந்தார்களே, அவர்கள். டூட்டிங்கில் இருக்கிற எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அப்படி ஒரு கம்பனியிடம் போனவர். 30 வீதமும் அதன் மேல் வாட் வரியும் என்று கையெழுத்து. வங்கி அவருக்கு 1,640 பவுண் என்று கடிதம் போட்டது. ஆனால் அதே வங்கியின் கார்டில் அவருக்கு நிலுவை இருந்ததால் 1,200ஐ அதற்கு எடுத்துக்கொண்டு, கையில் 440தான் கொடுத்தது. நிலுவை இருந்தால் வங்கி அப்படிச் செய்யலாம். கிளெய்ம் கம்பனியின் பில் எவ்வளவு தெரியுமா? 1,640க்கு 30 வீதம் 492, வாட் 98.40, ஆக 590 பவுண் 40 பென்ஸ். வந்த காசைவிட 150 பவுண் கூடுதலாகத் தன் சம்பளத்தில் இருந்து எடுத்துக் கட்டினா. துப்புரவு வேலை செய்கிற மனிசி. அவவுக்காக அந்தக் கம்பனி செய்த வேலை, அதே இலவசப் படிவத்தை நிரப்பி அனுப்பியது. அதையும் அவவிடம் கேட்டுக் கேட்டுத்தான் நிரப்பினார்கள், ஏனென்றால் விடைகள் அவவிடம்தானே இருக்கின்றன.

2018 ஜூலையில் சட்டம் போட்டு அந்தக் கட்டணத்தை 20 வீதமும் வாட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். நல்லது. ஆனால் அந்தக் குறைந்த வீதத்தில்கூட அண்ணையின் 1,859இல் 446 பவுண் போயிருக்கும்.

ஒம்புட்ஸ்மன் எல்லாருக்கும் முழுப் பணமும் எடுத்துக் கொடுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. என் மச்சாள் ஒருத்தி சம்பளத்துக்கு வேலை செய்தவள். தபாலில் வந்த விண்ணப்பத்தில் காப்புறுதி வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பெட்டி தெளிவாக இருந்தது. வேண்டும் என்பதில் அவளே அடையாளம் இட்டிருந்தாள். தவறாக விற்றது என்ற முறைப்பாடு நிற்கவில்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு பகுதி கிடைத்தது, பிளெவின் தீர்ப்பால். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு அது. கடனோடு விற்ற பிபிஐ பணத்தில் 71.8 வீதம் கமிஷனாகப் போயிருந்தது, அதை வாடிக்கையாளரிடம் சொல்லவே இல்லை. இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்தது நியாயமில்லாத உறவு என்றது நீதிமன்றம். அதன் பிறகு எஃப்சிஏ போட்ட விதிப்படி, கமிஷன் 50 வீதத்தைத் தாண்டியிருந்தால் தாண்டிய பகுதியைத் திருப்பித் தர வேண்டும். பிபிஐயில் கமிஷனின் சராசரி 67 வீதம் என்று எஃப்சிஏ சொன்னது. அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால், 1,000 பவுண் கட்டியவருக்கு 170 பவுணும் அதற்கான வட்டியும். நூறு பவுண் காப்புறுதிக்குக் கொடுத்தால் அறுபத்தேழு பவுண் விற்றவர்களுக்கே போயிருக்கிறது. இதைப் பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

குறை என்று சொல்வதானால் இரண்டு. இந்த அமைப்புக்கு வங்கியைத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் நேர்ந்ததைச் சரி செய்யும். அபராதம் போடுவது எஃப்சிஏயின் வேலை. இன்னொன்று காத்திருப்பு. 2012-13 ஆண்டில் மட்டும் 3 இலட்சத்து 78 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிபிஐ முறைப்பாடுகள் அங்கே வந்து குவிந்தன. அந்த நெரிசலில் பலர் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டி வந்தது. இதற்கு நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நேரே வந்தவர்களுக்கு வங்கிகள் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் அவ்வளவு கோவைகள் அங்கே போயிருக்கவே மாட்டாது.

பிபிஐக்கான வாசல் இப்போது மூடிவிட்டது. 2019 ஆகஸ்ட் 29தான் கடைசி நாள். ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நெக்கரின் தலையை இயந்திரப் பொம்மையாகச் செய்து, முடிவெடுங்கள் என்று தொலைக்காட்சியில் கத்த வைத்து விளம்பரம் போட்டார்களே, அந்த நாள்தான். கடும் வருத்தம் போன்ற விதிவிலக்கான காரணம் காட்டினால் மட்டும் பிந்தி வந்ததைப் பார்ப்பார்கள். ஆகவே இன்றைக்கு யாராவது ஃபோன் பண்ணி, உங்களுக்கு பிபிஐ பணம் காத்திருக்கிறது, முதலில் ஒரு சிறு கட்டணம் அனுப்புங்கள் என்றால் உடனே வையுங்கள். அது மோசடி.

ஒம்புட்ஸ்மனின் கதவு மற்றப் பல விஷயங்களுக்கும் திறந்தே இருக்கிறது. வங்கி மோசடியில் காசு போனது, கார் காப்புறுதி தர மறுத்தது, பயணக் காப்புறுதி, கடன் கட்டக்கூடிய சக்தி பார்க்காமல் கொடுத்த கடன், எதுவானாலும் வழிமுறை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு, 8 வாரம், இறுதிப் பதில், அதிலிருந்து 6 மாதம்.

இப்போது எங்கள் கடைக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது கார் ஃபைனான்ஸ் கமிஷனைப் பற்றி. காரைக் கடனில் விற்ற டீலருக்கு, கடன் கொடுத்த கம்பனி சொல்லாமல் கொடுத்த கமிஷன். வட்டியைக் கூட்டிக் கமிஷனையும் கூட்டிக்கொள்ளும் வகையான ஏற்பாட்டை எஃப்சிஏ 2021 ஜனவரியில் தடை செய்தது. 2025 ஆகஸ்ட் 1ஆம் திகதி உச்ச நீதிமன்றம் இதில் தீர்ப்புச் சொன்னது. பெரும்பகுதியை ஏற்கவில்லை, ஒருவரின் வழக்கில் உறவு நியாயமில்லாதது என்று ஏற்றது. அந்த ஒக்டோபரில் எஃப்சிஏ நாடு முழுவதற்கும் ஒரு நட்டஈட்டுத் திட்டத்தை முன்வைத்தது. கிளெய்ம் கம்பனிகளின் துண்டுப் பிரசுரங்கள் ஹரோவில் எங்கள் மரக்கறிக் கடைக் கவுண்டரிலேயே இப்போது அடுக்கிக் கிடக்கின்றன. கையெழுத்துப் போட முன், கடன் கொடுத்த கம்பனிக்கு நீங்களே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ஒப்பந்த இலக்கம், காரின் இலக்கம், எடுத்த ஆண்டு, எனக்குச் சொல்லாமல் டீலருக்குக் கமிஷன் கொடுத்தீர்களா, எவ்வளவு, எந்த வகை? இவ்வளவு போதும். அவர்கள் கிடைத்தது என்று அனுப்புகிற மறுமொழியைப் பத்திரமாக வையுங்கள். ஒப்பந்தம் தொலைந்துவிட்டது என்றால் பெயரும் பழைய விலாசமும் போட்டு, உங்களைப் பற்றிய தரவுகளைக் கேளுங்கள். 2018 மேக்குப் பிறகு அதற்கும் கட்டணம் இல்லை.